மின்னல் தட்டு

ஒரு வட்டத் தட்டை எதில் வெட்டுவது என்று எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சு நடந்தது. பெண் பார்த்து நிச்சயம் பண்ணுகிற வீட்டில்கூட அவ்வளவு பேச்சு இருக்காது. மரம் வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், இரும்பு வேண்டவே வேண்டாம் என்று அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் வருத்தமும் தட்டைப் பற்றியது அல்ல.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிவைத்த கோடவுன்களுக்குப் பின்னால் போகிற சந்தில் எங்கள் வீடு. முன்னறைதான் அப்பாவின் பட்டறை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவைத்துக் கொடுப்பார். தென்காசிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பிழைக்க வந்தவர். சந்தில் எல்லோருக்கும் அவர் வைண்டிங் அண்ணாச்சி. கம்பி சுற்றும்போது உருளை சிக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அப்பாவுக்கு வலப்பக்கம் ஒரு பலகை கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அதில் உட்கார்ந்துவிடுவேன். இறுக்கிப் பிடித்தால் "அறுத்துராத மூதி" என்பார். தளர விட்டால் "தூங்குதியா மூதி" என்பார். என் பெயரைச் சொல்லி அப்பா கூப்பிட்டது குறைவு. எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அந்தப் பலகை என்னுடையது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அப்படியிருக்கும்போது அத்தை மகள் வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பத்து வயதுக்குமேல் மூத்தவள், முறைக்கு எனக்கு மதினி. அவளுடைய அப்பா முந்தின வருஷம்தான் காய்ச்சலில் தவறிப்போயிருந்தார். இங்கே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. அத்தை அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஊருக்குப் பஸ் ஏறும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தகப்பன் இல்லாத பிள்ளை. ஒரு சொல் சொல்லாம பாத்துக்கோ." தாய்மாமன் அல்லவா, அப்பா தலையை ஆட்டினார். அன்று ஆட்டிய தலைக்கு அவர் எவ்வளவு கட்டுப்பட்டு நடந்தார் என்பதுதான் இந்தக் கதையே.

வீட்டில் சட்டம் மாறிவிட்டது. அப்பா சாயாக் கடையிலிருந்து பழம்பொரி வாங்கி வந்தால் பெரியது மதினிக்கு. முதல் தோசை மதினிக்கு. ஜன்னல் பக்கத்துப் பாய் மதினிக்கு. என்னை மூதி என்றவர் அவளை "தாயி" என்றார். அதுவும் எப்படி? ஈரச் சுவரில் ஆணி அடிக்கிறவர் மாதிரி, மெதுவாக, பார்த்துப் பார்த்து. நான் அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னால், "அவளை ஒரு சொல் சொன்னா அது நமக்குத்தான் சாபமா வரும். போ, போய்ப் படி" என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோவிலுக்குப் போவோம். எல்லோரும் என்னென்னவோ வேண்டிக்கொள்வார்கள். எங்கள் மதினிக்குச் சீக்கிரம் ஹாஸ்டல் கிடைக்கட்டும் தாயே என்று நான் வாய்விட்டு, மனசுருக வேண்டிக்கொள்வேன். பிறர் நன்மைக்காக இந்த வயசிலேயே கண்ணை மூடி வேண்டுகிறதே என்று பூசாரி எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கை பொங்கல் தருவார்.

பாலிடெக்னிக்கில் ஒரு கண்காட்சி. ஆளுக்கொரு கருவி செய்து காட்ட வேண்டும், அதற்கு மார்க்கும் உண்டு. மதினி வகுப்பில் ஒரே தமிழ்ப்பெண். மலையாளம் வாய்க்கு வராது. வாய் திறந்தால் பின்பெஞ்சில் 'பாண்டி' என்று சிரிப்பார்களாம். அதனாலோ என்னவோ, யாரும் செய்யாத ஒன்றைச் செய்கிறேன் என்று வாத்தியாரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். டெஸ்லா காயில். ஒரு கம்பிச் சுருளின் உச்சியிலிருந்து சின்ன மின்னல் கிளம்பி காற்றில் துடிக்கும்; பக்கத்தில் பிடித்த டியூப் லைட் ஒயர் இல்லாமலே எரியும்.

"மாமா, முடியுமா?" என்று கேட்டாள்.

"கம்பி சுத்துறதுதானே தாயி. நமக்கு வேற என்ன தெரியும்?" என்றார் அப்பா. அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. என் பரீட்சை மார்க்கைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அதில் முகத்தின் மேல் மட்டும் தப்புச் சொல்ல முடியாது.

முதலில் சுருளைச் சுற்றினார்கள். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்றின்மேல், தலைமுடி பருமனில் செம்புக்கம்பி, ஒன்றை ஒன்று ஏறாமல் நெருக்கி நெருக்கி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், என் பலகையில் மதினி உட்கார்ந்து உருளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவும் அவளும் மூச்சு விடாமல் வேலை செய்கிறார்கள். நான் வாசற்படியில் பையோடு நின்றேன். அப்பா நிமிரவேயில்லை. நடுவில் மதினி கையிலிருந்து உருளை நழுவிக் கம்பி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டது. சரி, விழப்போகிறது ஒரு மூதி என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

"பரவால்ல தாயி. மெதுவா எடுப்போம்."

நான் உள்ளே போய் அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தட்டு. எனக்கு விளங்கின மட்டில் சொல்கிறேன். கடைப் பலகைகளில் எரிகிற நியான் எழுத்துக்குப் போடும் டிரான்ஸ்பார்மர் கரண்டை உயர்த்திக் கொடுக்கும். கப்பாசிட்டர்கள் அதைச் சேர்த்து வைக்கும். சேர்ந்ததெல்லாம் ஒரே அடியாகச் சுருளுக்குள் பாய வேண்டும், உடனே நிற்க வேண்டும், மறுபடி பாய வேண்டும். அதற்கு நடுவில் படபடவென்று திறந்து மூடுகிற ஒரு கதவு தேவை. தட்டுதான் அந்தக் கதவு. தட்டின் விளிம்பைச் சுற்றிக் கம்பித் துண்டுகள் பொருத்தியிருக்கும். மோட்டார் தட்டைச் சுழற்றும். ஒவ்வொரு துண்டும் இரண்டு நிலைக்கம்பிகளுக்கு நடுவே கடக்கிற அந்த நொடியில் ஒரு பொறி பாயும். அப்புறம் இருட்டு. அப்புறம் அடுத்த பொறி.

அதனால் தட்டு கரண்டைக் கடத்தக்கூடாது, சூட்டில் இளகக்கூடாது, வேகத்தில் சிதறக்கூடாது. மரத்தட்டு கொச்சி மழைக்கு ஈரம் குடித்து உப்பிவிடும். பெயர்ப்பலகை செய்கிறவரிடம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் இருந்தது. மதினி அதைத்தான் முதலில் விரும்பினாள், பார்க்க அழகாயிருக்கும் என்று. அப்பா ஒரு துண்டில் ஆணியைக் காய்ச்சி வைத்துக் காட்டினார்; வெண்ணெய் போல இறங்கியது. "ஓடுறப்ப இப்படி இளகி ஒரு போல்ட் கழண்டுச்சுன்னு வை, அது துப்பாக்கிக் குண்டு." கடைசியில் ஒரு பழைய மில்லின் சுவிட்ச் போர்டிலிருந்து கழற்றிவைத்த பேக்லைட் பலகையை எடுத்தார். தவிட்டு நிறம், கல் போல இருந்தது. அதையே வட்டமாக அறுப்பது என்று முடிவாயிற்று.

மோட்டாருக்கும் இதே பஞ்சாயத்து. மிக்சி மோட்டார் வெறிபிடித்து ஓடும், பிடித்து நிறுத்த ஆளில்லை. மின்விசிறி மோட்டார் சோம்பேறி. ஒரு சின்னத் தண்ணி பம்பின் மோட்டார் தேறியது. அதை அப்பா புதிதாகக் கட்டினார். அந்த மோட்டாருக்கு மட்டும் இரண்டு தரம் வார்னிஷ்.

விளிம்புத் துண்டுகளுக்குப் பித்தளை போல்ட் போட்டால் பொறியில் கரைந்துவிடும், இரும்பு துருப்பிடிக்கும். டங்ஸ்டன்தான் தாங்கும் என்று மதினி படித்திருந்தாள். மீன்பிடிப் படகுகளுக்கு ஸ்டீல் வேலை செய்கிற வெல்டிங் கடை ஒன்று தோப்பும்படியில் உண்டு. பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த டங்ஸ்டன் கம்பித் துண்டுகள் அங்கே ஒரு டப்பாவில் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மதினியைக் கூட்டிக்கொண்டு போனார். என்னை அவர் கூப்பிடவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன், துரத்தவில்லை.

வெல்டிங் கடைச் சேட்டன் டப்பாவைத் தட்டிக் கொட்டினார். "அண்ணாச்சி, இது எந்தினா? இடி மெஷீனா?"

"மின்னல் மெஷீன்."

"மழை பெய்து பெய்து நாடு நாறுது, இதிலே நீங்க வேற மின்னல் உண்டாக்கணுமா?" என்று சிரித்துவிட்டு மதினியைப் பார்த்தார். "இது யாரு, மோளா?"

"ஆமா. மூத்தவ," என்றார் அப்பா.

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. "இல்ல, நான்தான் மக. இவங்க எங்க அத்தை மக" என்று கத்தினேன். சேட்டன் விழித்தார். அப்பா என் பிடரியில் ஒன்று வைத்தார். "பேச்சைப் பாரு மூதிக்கு. பொறுக்குடி கம்பியை." நான் அழுதுகொண்டே பொறுக்கினேன். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடி விழுந்ததில் அவளுக்குச் சந்தோஷம் என்று எண்ணிக்கொண்டேன்.

பூஜை வைப்புக்கு முன்னால் எல்லாம் தயாராகிவிட்டது. இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் ஆயுதத்தையும் புஸ்தகத்தையும் பூஜையில் வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள், நடுவில் தொடக்கூடாது. பட்டறையைக் கழுவி, சுத்தியல், கட்டிங் பிளேயர், மோட்டார்கள் எல்லாவற்றையும் அடுக்கினோம். தட்டு நடுவில். அப்பா அதற்கு முன்பு அதை ஒரு கம்பியில் கோத்து இரண்டு பிளேடு முனைமேல் நிறுத்தி, கனத்த பக்கம் கீழே சாயச் சாய அரத்தால் உரசி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறவரை பார்த்திருந்தார். சாமிக்கு முன்னால் அது நிஜமாகவே சுதர்சனச் சக்கரம் மாதிரி இருந்தது.

"எல்லாத்துக்கும் பொட்டு வைங்க பிள்ளைகளா" என்றாள் அம்மா. வருஷா வருஷம் அது என் வேலை. இந்த வருஷம் மதினி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். எனக்குச் சுத்தியலும் திருப்புளியும் மிஞ்சின. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, விளிம்புத் துண்டுகளுக்கு நடுவில் குழைத்த விபூதியால் பட்டை இழுத்து, அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம் என்று கோலம் போடுகிற மாதிரிச் சுற்றிவர வைத்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது. ஊரில் அவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது இப்படித்தான் முணுமுணுப்பாள். அம்மா பார்த்துவிட்டு, "அம்மன் முகம் மாதிரி இருக்கு" என்றாள். அப்பாவும் பார்த்தார். இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். கரண்டு வேலை தெரிந்த இருவர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யாருக்குத்தான் சந்தேகமாகப் பார்க்கத் தோன்றும்?

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, தட்டை மோட்டாரில் மாட்டினார்கள். பொட்டை அழிக்கவில்லை. அழிப்பதாவது, முதல் ஓட்டத்துக்கு அதுதானே துணை. சுற்றிலும் கனத்த பலகையால் பெட்டி, பார்க்க ஒரு சின்னத் துளை. அப்பா என்னை வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் நிலைப்படிக்கு உள்ளே ஒரு கால் வைத்துக்கொண்டேன்.

மோட்டார் விர்ரென்று எடுத்தது. பெட்டி அதிரவேயில்லை, அவ்வளவு நிதானம். அப்பா மதினியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் இரண்டாவது சுவிட்சைப் போட்டாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரிச் சத்தம். சுருளின் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு மயிரிழை எட்டிப்பார்த்தது. அடுத்த நொடி சத்தம் மாறியது. பெட்டித் துளை ஆரஞ்சு நிறமாயிற்று. எரிகிற நாற்றம். மின்னல் காற்றில் பாயாமல் பெட்டிக்குள்ளேயே எதையோ தின்றுகொண்டிருந்தது.

"அணை, அணை!"

அணைத்தாள். கப்பாசிட்டரில் மிச்சமிருக்கிற கரண்டை இறக்குவதற்கென்று எர்த் ஒயர் கட்டிய ஒரு நீளக் கோல் உண்டு. அப்பா அதைத் தொட்டு 'பட்'டென்று இறக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். புகைக்கு நடுவில் அந்தப் பட்டைகளின் வழியே, விபூதியும் சந்தனமும் குங்குமமும் இருந்த அதே கோடுகளில், துண்டுக்குத் துண்டு கரிய வாய்க்கால் வெட்டியிருந்தது. ஈரக்காற்றில் பொட்டு முழுக்கக் காயாமலே இருந்திருக்கிறது. கரண்டுக்கு நாங்களே பாதை போட்டுக் கும்பிட்டு வைத்திருக்கிறோம்.

"ஒரு தடவை கரி வழி விழுந்துட்டா அவ்வளவுதான். இனி சுரண்டினாலும் அதே வழியிலதான் போவும்," என்றார் அப்பா.

கண்காட்சி அடுத்த வாரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இத்தனை நாள் உழைப்பு, அப்பாவின் பேக்லைட், இரண்டு தரம் வார்னிஷ் கண்ட மோட்டார். இப்போது மதினிக்கு ஒரு மூதி விழாவிட்டால் எப்போது விழும்?

"நானும்தானே பாத்தேன் தாயி. உன் தப்பு ஒண்ணுமில்ல. விடு, விடு," என்றார். அதே மூச்சில் திரும்பியவர், நிலைப்படிக்குள் என் காலைப் பார்த்ததும், "எட்டி நில்லுன்னா காதுல விழாதா? கண்ணு போனா எவன் கட்டுவான் உன்னைய? ஓடு மூதி!" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார்.

எரிந்தது அவள் தட்டு. திட்டு எனக்கு. அம்மன் எங்கள் வீட்டுக் கணக்கை எப்படித்தான் பார்க்கிறாளோ என்று இருந்தது எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் தண்ணீர் எடுக்கப் போனேன். துவைக்கிற கல்லில் தட்டை வைத்துத் தேங்காய் நாரால் மதினி தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போகாது என்று தெரிந்தேதான் தேய்க்கிறாள். முகமெல்லாம் தண்ணீர்.

"ஏன் அழுறீங்க? அப்பாதான் உங்களை ஒண்ணுமே சொல்லலியே," என்றேன், உள்ளே எரிந்த எரிச்சலில்.

"அதான்ட்டி," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன்னையத் திட்டினாருல்ல?"

"ஆமா. எப்பவும் என்னையத்தான்."

"எங்க அப்பா இருந்தா இந்தத் தட்டை எடுத்து என் தலையிலயே போட்டிருப்பாரு. தெருவே கேக்கும் அவரு சத்தம்." அதைச் சொல்லும்போது அவள் அழுகை கூடிவிட்டது.

அப்படிப்பட்ட முரட்டு அப்பாவா என்று எனக்கு அவள்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. நல்லவேளை, எங்கள் வீட்டுக்கு வந்து தப்பித்தாள் என்று நினைத்துக்கொண்டே குடத்தைத் தூக்கினேன்.

அப்பா பிராட்வே கடைத்தெருவுக்குப் போய், கண்ணாடி நார் பிசின் போட்டு அழுத்திய பலகை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். பச்சை நிறம். எரியவும் எரியாது, கரி வழியும் லேசில் விழாது. அறுக்கும்போது பறக்கிற தூள் உடம்பில் பட்டால் அரிப்பு உயிர் போகும். ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவும் மதினியும் அறுத்தார்கள். தண்ணீர் தெளிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது, அரிப்பும் கிடைத்தது. புதுத் தட்டு மாட்டியபோது அம்மா சந்தனம் குழைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, "மேல பொட்டு வைக்கலைன்னு நினைச்சுக்காத தாயே, மனசுல வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இந்தத் தடவை சத்தம் கிழியாமல் ஒரே சீராக வந்தது. சுருளின் உச்சியில் ஊதா நிறக் கிளைகள் கிளம்பிக் காற்றைத் தடவின. அப்பா தூரத்தில் பிடித்திருந்த டியூப் லைட் ஒயர் இல்லாமலே எரிந்தது. மழை கொட்டுமுன் வருகிற மாதிரி ஒரு காட்டமான வாசனை. மட்டாஞ்சேரி மணத்தையெல்லாம் அது ஒரு நிமிஷம் அடக்கிவிட்டது. அப்பா "முருகா" என்றார். எனக்கும் பொறாமை கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

மதினி சுவிட்சை அணைத்தாள். சந்தோஷத்தில் கோலை மறந்துவிட்டாள். ஒரு ஒயர் தளர்ந்த மாதிரி இருக்கிறதென்று நேராகக் கப்பாசிட்டர் பக்கம் கையை நீட்டினாள்.

"ஏ மூதி! எடுடி கையை!"

டியூப் லைட் கீழே விழுந்து நொறுங்கியது. அப்பா ஒரே தாவில் வந்து அவள் கையைத் தட்டிவிட்டார். "சாவணுமா உனக்கு? எத்தனை தடவை சொல்லிருக்கேன், கோலு தொடாம கை வைக்காதேன்னு? படிச்சா போதுமா, மண்டையில ஏறாண்டாமா? உங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல, கழுதை!" கத்தி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

மதினியின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அழுவாள், பார்க்கலாம் என்றுதான்.

"மாமா என்னையத் திட்டிட்டாரு," என்றாள் அம்மாவிடம். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது. "மூதின்னு. கழுதைன்னு. கையில அடிச்சிட்டாரு."

அம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தாள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு பிடி சர்க்கரையை அள்ளி மதினியின் வாயில் போட்டு, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் திட்டு வாங்குகிறவள் நான். ஒருநாளாவது எனக்கு யாராவது சர்க்கரை போட்டதுண்டா? முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டேவிட்டேன். அம்மாவும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. நான் அன்று சாயங்காலம் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அப்பாவிடமிருந்து எனக்குத் திட்டுதான் கிடைத்தது.